நைனாவுக்கு ஒரு முழுக்கு

சித்தூரில் யாரைக் கேட்டாலும் என் வீட்டுக்காரரை வாயில்லாப் பூச்சி என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவரோடு குடித்தனம் பண்ணியதில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒருத்தியின் பிராணனை வாங்க முடியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். நான் பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்பார்.

"கிருபா, எங்க நைனா இப்போ எங்க இருப்பாரு?"

நைனா என்றால் அவருடைய அப்பா. அவர் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எனக்குக் கிருபாவதி என்று பேர் வைத்தது என் தாத்தா. அவர் காலத்திலேயே நாங்கள் கிறிஸ்து வேதத்துக்கு வந்துவிட்ட குடும்பம். ரட்சிக்கப்பட்டவர்கள் எங்கே போவார்கள், மற்றவர்கள் எங்கே போவார்கள் என்பதை ஓய்வுநாள் பள்ளியிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டார்கள். அதற்குமேல் நான் யோசித்ததில்லை. யோசிக்கிற ஆளைப் பார்த்துக் கட்டிக்கொண்டது என் தலையெழுத்து.

அவர் நகரியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பிறந்தபோது வைத்த பேர் தணிகாசலம். படிக்கச் சித்தூர் வந்து, மிஷன் போர்டிங்கில் தங்கி, இருபது வயது ஆவதற்குள் ஞானஸ்நானம் வாங்கி ஜீவரத்தினம் ஆனார். சேதி நகரிக்கு எட்டியதும் அவருடைய அப்பா வேதாச்சலம் தலையை மழித்துக்கொண்டு, பானை உடைத்து, உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமாதி செய்துவிட்டார். தெருவே வந்து சாப்பிட்டுப் போனதாம். அதற்குப் பிறகும் இவர் அப்பாவைப் பார்க்கப் போயிருக்கிறார். தறியில் உட்கார்ந்திருந்த கிழவர் தலையைத் தூக்காமல், "செத்தவங்ககிட்ட நான் பேசறது இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.

அப்புறம் ஒருநாள் சித்தூர் ஸ்டேஷனில், இவர் கூட்ஸ் கிளார்க்காக இருக்கிற இடத்தில், நூல் பேல் புக் பண்ண வந்த ஒரு வியாபாரி பேச்சோடு பேச்சாகச் சொன்னார், வேதாச்சலம் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று. பங்காளி வீட்டுப் பிள்ளை கொள்ளி வைத்ததாம். இவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. செத்தவனுக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்? அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கேள்வி.

முதலில் அதைக் கொண்டுபோனது எர்னஸ்ட் ஐயரிடம். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பூணூல் போட்ட ஐயர் இல்லை, அங்கி போட்ட ஐயர். எர்னஸ்ட் ஐயர் நல்ல மனிதர். கிருபையைப் பற்றி அவர் பிரசங்கம் செய்தால் கல்லும் கரையும். ரட்சிப்பு நாம் உழைத்து வாங்குகிற கூலி அல்ல, தேவன் கொடுக்கிற இனாம், கையை நீட்டினால் போதும் என்பார். அதைத்தான் இவர் பிடித்துக்கொண்டார்.

"கை நீட்டாம செத்துட்டவங்களுக்கு, ஐயரே?"

"உசிரோட இருக்கச்சொல்லவே நீட்டணும், ஜீவரத்தினம். அப்புறம் கதவு சாத்திடுது."

"இனாம்னு சொல்றீங்க. இனாமுக்கு எதுக்கு ஐயரே கதவு?"

ஐயர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க நைனா சுவிசேஷத்தைக் கேட்டாரா இல்லியா?"

"நான்தான் சொன்னேன். காதுல வாங்கல."

"அப்போ தெரிஞ்சே தள்ளிட்டாரு. நான் இன்னா சொல்றது?"

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் கேட்டார். ஐயரும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் முறுக்கு வைத்தேன்.

உலகச் சண்டை வந்த காலத்தில் இவரை ரேணிகுண்டா ஜங்ஷனுக்குப் பதிலாள் வேலைக்கு அனுப்பினார்கள். பெரிய லைன் வண்டியில் வந்த பட்டாள மரப்பெட்டிகளைச் சின்ன லைன் வண்டிக்கு மாற்ற வேண்டும். வேகன் கிடைக்காமல் பெட்டிகள் ஷெட்டிலேயே கிடந்தன. காவலுக்கு ஒரு அமெரிக்க சோல்ஜர். முகமெல்லாம் புள்ளி விழுந்த சின்னப் பையன் என்றார். பேரையும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. பாவம் என்று இவர் ஸ்டேஷன் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்றானாம். டீ? அதுவும் வேண்டாம். சிகரெட்? கிடையாது. ஏனப்பா என்று கேட்டதற்கு, எங்கள் சபையில் அதெல்லாம் கூடாது என்றானாம். எந்தச் சபை? மார்மன் சபை, அமெரிக்காவிலேயே முளைத்த ஒரு கிறிஸ்தவ சபையாம்.

அங்கே பிடித்தது சனி. பெட்டிகள் போகிறவரைக்கும் இரண்டு பேரும் அதே பேச்சு. வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்து, சம்பளம் ஏற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"கிருபா, அவங்க சபையில செத்தவங்களுக்கும் கதவு தெறந்துதான் இருக்குதாம்! செத்தவங்களுக்கு அந்த லோகத்துலியே சுவிசேஷம் சொல்றாங்களாம். இங்க உசிரோட இருக்கற நாம அவங்க பேருல தண்ணியில முழுகி ஞானஸ்நானம் எடுக்கலாமாம். நைனா ஒத்துக்கினா அது அவருக்குச் சேந்துடுமாம்."

"ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்கலன்னா இல்ல. கட்டாயம் கிடையாது. ஆனா கேட்டுப் பாப்பாங்க இல்ல? இங்க யாரு கேக்கறாங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. "அப்போ கிருபையால ரட்சிப்பு இல்லியா?"

"கிருபையாலதான். எல்லாரும் சாவுல இருந்து எழுந்திருப்பாங்களாம், அது சும்மாவே கிடைக்குதாம். அதுக்கு மேல ஒசரப் போவணும்னா, மனந்திரும்பி, முழுகி, கட்டளைப்படி நடந்து, நம்மளால ஆனதை எல்லாம் செய்யணும். அப்படிச் செஞ்சாலும் கிருபை இல்லாம ஆவாதாம்."

"நம்மளால ஆனதுன்னா எவ்வளவு?"

"ஆனது எல்லாம்."

"அதான் எவ்வளவுன்னு கேக்கறேன். எப்போ போதும்னு யாரு வந்து சொல்லுவாங்க?"

"நானும் கேட்டேன். அப்படிப் பயந்துக்கினு அளந்து பாக்கக் கூடாதுன்னான். பாசம் இருக்கறவன் அளக்க மாட்டானாம்."

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஐயருடைய கிருபை இனாம், ஆனால் நைனாவுக்குக் கிடையாது. சோல்ஜருடைய கிருபை நைனாவுக்கும் உண்டு, ஆனால் காபி கூடாது. இந்த இரண்டில் ஒன்றை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சர்க்கரை ரேஷனில் வந்த அந்த நாளில் வெல்லம் போட்டு, வரிசையில் நின்று வாங்கிய கொட்டையை வறுத்து அரைத்து நான் போட்ட காபியை, மறுநாள் காலையில் இவர் கையால் தள்ளி வைத்தார். புகையிலையை விட்டார். வெற்றிலையைப் பற்றி அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலை என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. "எதுக்கு வம்பு" என்று அதையும் விட்டார். ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் காபி டம்ளர் தூக்கும்போது இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மலைக்குப் போக விரதம் இருக்கிறாரா என்று என்னிடமே கேட்டார்கள்.

இவ்வளவும் பண்ணி, அந்த முழுக்கு இங்கே நடக்காது. அதற்கென்று கட்டிய ஆலயத்தில்தான் நடக்க வேண்டும், அதிகாரம் பெற்றவர்கள் செய்துவைக்க வேண்டும். அந்த ஆலயமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். பையன் அதை ஒளிக்காமல்தான் சொல்லியிருக்கிறான். அப்பாவின் பேர், ஊர், பிறந்த நாள் எல்லாம் விசாரித்து வையுங்கள், காலம் வரும் என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளோடு வண்டி ஏறிவிட்டான். இவர் அடுத்த லீவில் நகரிக்குக் கிளம்பினார், அப்பா பிறந்த நாளை விசாரிக்க. தனியாக விட்டால் ஊர் வந்து சேர மாட்டார் என்று நானும், பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் புகையைக் குடித்துக்கொண்டு போனேன்.

நகரியில் அவருடைய அக்கா கன்னியம்மாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்து, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். தம்பியைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"நைனா பொறந்த தேதியா? யாருக்குத் தெரியும்? பெரிய பஞ்சத்துல கைப்புள்ளையா இருந்தாராம். அதுக்கு இன்னா இப்போ?"

இவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "நைனா பேருல தண்ணியில முழுகணுங்க்கா. அவருக்குக் கரை சேர வழி வேணும். அதுக்குத்தான்."

அக்கா கையில் இருந்த ராட்டினம் நின்றது. பிறகு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இதைச் சொல்றதுக்கு உனக்கு இத்தினி வருஷமாடா, தணிகாசலம்! பெத்த புள்ள இருக்கச்சொல்ல பங்காளி புள்ள திதி கொடுத்தா நைனா வாங்குவாரா? பசியோட நின்னுக்கினு இருக்காருடா. கனவுல வந்து நிக்கறாரு. நாளைக்கு மாளய அமாவாசை. வா, திருப்பதி போயிடலாம். கபில தீர்த்தத்துல முழுகிட்டு வந்துடலாம்."

"அக்கா, நான் சொல்றது திதி இல்ல..."

"செத்தவங்களுக்காகத் தண்ணியில முழுகறதுக்குப் பேரு இன்னாடா பின்ன?"

இவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? ஓய்வுநாள் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐயர் அந்தக் கிழவரை நெருப்பில் நிற்க வைத்திருந்தார். சோல்ஜர் காத்துக்கொண்டு நிற்க வைத்திருந்தான். அக்கா பசியோடு நிற்க வைத்திருந்தாள். ஒருத்தர்கூட அந்த மனுஷனை உட்கார விடவில்லை.

அக்காவின் அழுகை நிற்கவில்லை. மறுநாள் காலையில் மூன்று பேரும் திருப்பதியில் இருந்தோம்.

கபில தீர்த்தத்தில் ஊரே கூடியிருந்தது. மழை பெய்து அருவி கொட்டியது. படிக்குப் படி இலையும் எள்ளும் மாவு உருண்டையும். அக்கா கூட்டத்தில் கையைத் தூக்கி, "ஐயரே, இப்படி வாங்க!" என்று கத்தினாள். இவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். எர்னஸ்ட் ஐயர்தான் பின்னாலேயே வந்துவிட்டார் என்று நினைத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வந்தது பூணூல் ஐயர்.

"கோத்ரம் ஏமி?" என்று தெலுங்கில் கேட்டார், தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டே.

"வேணாங்க" என்று சொல்லிவிட்டு இவர் வேறு பக்கமாகப் படி இறங்கிப் போனார். சட்டையைக் கழற்றவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்று கண்ணை மூடினார். முழுகினார். போன தலை மேலே வரவில்லை. கபில தீர்த்தத்தில் என்னை விதவையாக்கிவிட்டாரே என்று நான் படியில் இறங்கப் போகும்போது எழுந்தார். வாய் ஏதோ சொன்னது. அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை.

"எள்ளு?" என்றாள் அக்கா.

"வேணாங்க்கா."

"எள்ளு எறைக்காம முழுகினா அது குளியல்டா!"

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் அதையே சொல்லிச் சண்டை போட்டாள். நான் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே வந்தேன். படிக்கு மேலே எங்கள் சபை நிர்வாகத்தில் இருக்கிற மூப்பர் நேசகுமார் நின்று பார்த்ததை மூன்று பேரும் கவனிக்கவில்லை. அவர் அருவி பார்க்க வந்தாராம். அமாவாசை அன்றைக்குத்தான் அவருக்கு அருவி பார்க்கத் தோன்றியது ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை.

மூப்பர் சபை கூடி இவரைக் கூப்பிட்டது. சாட்சி என்று என்னையும் கூப்பிட்டார்கள். நேசகுமார் எழுந்து, "ஐயர் முன்னாடி நின்னு முழுகினாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார்.

"நான் எங்க அங்க இருந்தேன்?" என்றார் எர்னஸ்ட் ஐயர்.

"அந்த ஐயர் இல்லீங்க ஐயரே, அந்த ஐயர்!"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. விக்கிரக ஆராதனை என்று தீர்ந்தால் சபையை விட்டே தள்ளிவிடுவார்கள். சொந்த ஊரில் ஏற்கெனவே செத்தவர். இங்கேயும் தள்ளிவிட்டால் அந்த மனிதர் எங்கே போய் நிற்பார்?

எர்னஸ்ட் ஐயருக்கும் அது தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, "புரட்டாசிப் புழுக்கம். அருவியைப் பாத்தா யாருக்கும் குளிக்கத் தோணும். அப்படித்தான் எறங்கினே, இல்லியா ஜீவரத்தினம்?" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"இல்ல ஐயரே. நைனாவுக்காக முழுகினேன்."

"திதி" என்றார் நேசகுமார்.

"திதி இல்ல. ஞானஸ்நானம்."

அறையில் ஒரே கூச்சல். ஐயர் கையைத் தூக்கி அடக்கினார். "செத்தவங்களுக்கு நீ எடுக்கற ஞானஸ்நானம் செல்லாதுப்பா."

"தெரியும் ஐயரே. அந்த சோல்ஜர் சொன்னபடி பாத்தாலும் செல்லாது. அதுக்கு ஆலயம் வேணும், அதிகாரம் வேணும். எங்க அக்கா சொல்றபடியும் செல்லாது, எள்ளு இல்ல. எங்கியுமே செல்லாது."

"அப்புறம் எதுக்கு முழுகினே?"

"என்னால ஆனது அவ்வளவுதான் ஐயரே. மீதி ஆண்டவர் பாடு."

நேசகுமார் சிரித்தார். "செத்து நரகத்துக்குப் போன ஆளுக்கு இதுக்கு மேல இன்னா மீதி?"

மூப்பர் சபையில் பெண்பிள்ளை வாயைத் திறக்கிற வழக்கம் இல்லை. எனக்கு இருந்த ஆத்திரத்தில் வழக்கம் எங்கே ஞாபகம் வருகிறது? இத்தனை வருஷம் இவர் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நான் சலித்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அது என் பாத்தியதை. இன்னொருத்தர் அதற்குச் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க தாத்தா பேரு ரங்கன்தானே, மூப்பரே? வேதத்துக்கு வரலியே அவரு. அவரு எங்க இருக்காருன்னு இப்படிச் சிரிச்சுக்கினே சொல்லுங்க பாப்போம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் வீட்டிலும் ஒரு ரங்கனோ செங்கல்வராயனோ இருந்திருப்பான். ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. மனந்திரும்புகிறவரைக்கும் ஜீவரத்தினத்துக்கு இராப்போஜனத்து அப்பமும் திராட்சரசமும் கிடையாது என்று ஐயர் தரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

அந்த மாத இராப்போஜன ஞாயிறு இவர் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் எர்னஸ்ட் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்டனை கொடுத்தவர் ஆறுதல் சொல்லவும் வந்துவிட்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் சத்தமாகவே போட்டேன். அவர் உட்கார்ந்து, நாற்காலியை இவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"தண்ணியில முழுகி எழுந்தப்போ ஏதோ சொன்னியாமே. இன்னா சொன்னே, ஜீவரத்தினம்?"

"ஒண்ணும் பெருசா இல்ல ஐயரே. ஜெபம் எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். எழுந்தப்போ ஒண்ணும் வரல. வேதாச்சலம்னு பேரை மட்டும் சொன்னேன்."

ஐயர் தலையை ஆட்டினார். அப்புறம், என்னிடமோ இவரிடமோ சொல்வதுபோல் இல்லாமல், "எங்கம்மா பேரு வெங்கடம்மா" என்றார்.

அவருக்கு அம்மா என்று ஒருத்தி இருந்ததாகவே சபையில் பேச்சில்லை. தடா ஊர்ப் பக்கம் அவருடைய நைனா வேதத்துக்கு வந்தபோது அம்மா வரவில்லையாம். மூன்று வயதுப் பிள்ளையை நைனா தூக்கிக்கொண்டு மிஷனுக்கு வந்துவிட்டாராம். அவள் காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாளாம். கொஞ்ச நாள் கழித்து வருவது நின்றுபோயிற்றாம். செத்தது எப்போது என்றுகூட அவருக்குத் தெரியாது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது. ஐயர் என்று பார்க்காமல் கேட்டேவிட்டேன்.

"இதை உள்ள வச்சுக்கினுதானா இத்தினி வருஷமா இவருக்குக் கதவு சாத்தியாச்சு, கதவு சாத்தியாச்சுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க?"

"வேற இன்னா சொல்றதும்மா?" என்றார் ஐயர். "தெறந்திருக்குதுன்னு ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லிட்டா, நான் போய் அவளைத் தேட ஆரம்பிச்சிடுவேனே."